கண் தாளில், விரல் பட்டனில்

அத்தியாயம் 11

"உன்னை யாரு கேட்டா?"

என் அண்ணன் ஒரு முறை என்னிடம் கேட்ட கேள்வி இது. அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. அவன் நடத்தும் கணக்கு டியூஷன் சென்டரில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பலகையில் அவன் எழுதிய விடை தப்பு என்று சொல்லிவிட்டேன். சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. வாய்க்குள் முனகியது வெளியே வந்துவிட்டது.

நாற்பது பேர் சிரித்தார்கள். அவன் விடையை அழிக்காமலே அடுத்த கணக்குக்குப் போய்விட்டான். வீட்டுக்கு வந்து மூன்று விதமாகப் போட்டுப் பார்த்தேன். மூன்று விதத்திலும் அவன்தான் தப்பு.

ஆனால் அந்த நாற்பது பேரில் முப்பது பேர் என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். மறுநாளிலிருந்து வகுப்பில் நான் வாயைத் திறந்தால் பின்னாலிருந்து அதே கேள்வி வரும். முதலில் சென்டரை விட்டேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பள்ளிக்கூடத்தை. வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காய் நறுக்க ஓர் ஆள் கிடைத்தது, அவ்வளவுதான்.

நான்கு வருடமாக அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அந்த வியாழக்கிழமை சாயங்காலம் வரை.

இத்தனை வாரமும் கூடவே வந்தவர்களுக்கு எங்கள் வீட்டு நிலவரம் தெரியும். இப்போதுதான் எட்டிப் பார்க்கிறவர்களுக்காக ஒரு மூச்சில் சொல்லிவிடுகிறேன்.

அண்ணனைத் தெருவில் எல்லோரும் 'ஸ்பீடு சார்' என்பார்கள். கல்லூரியில் படித்தபோது கால்குலேட்டரில் வேகமாகக் கணக்குப் போடும் போட்டியில் ஒரு கப்பு வாங்கினான். அந்தக் கப்பின் மேல் கட்டிய கோயில்தான் அவன் சென்டர். சுவரில் சிவப்புப் பெயின்டில் ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கும்: 'கண் தாளில், விரல் பட்டனில்.' அதுதான் அவன் முறை. கேள்வித்தாளிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. விரல் தானாகத் தட்ட வேண்டும். கடைசியில் விடையை மட்டும் ஒரு பார்வை பார்க்கலாம். நடுவில் திரையைப் பார்த்தால் தலையில் ஸ்கேலால் ஒரு தட்டு. "திரையைப் பாக்கிறவன் தன் விரலையே நம்பாதவன்" என்பான். இதைச் சொல்லும்போது அவனுக்குக் கண் கலங்கும்.

அண்ணி அவன் மனைவி. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலையில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வந்து கூடத்தில் கொடுப்பாள். அதைப் பரிசோதிக்கிறவர்கள் உள்ளே ஏசி அறையில் இருக்கிறார்கள். அண்ணிக்கு அந்த அறைக்குள் போக வேண்டும். அதற்கு டெக்னீஷியன் படிப்பு. அதற்கு ஒரு பொதுக் கணக்குத் தேர்வு. மூன்று தடவைதான் எழுத விடுவார்கள்.

முதல் தடவை நான்கு மார்க்கில் போனது. இரண்டாம் தடவை மூன்று மார்க்கில். மூன்றாவது, வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு.

போன வாரம் அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். இதிலும் தேறாவிட்டால் வேலையை விட்டுவிட்டு சென்டர் வரவேற்பு மேசையில் உட்கார வேண்டும். அண்ணன் ஒரு படி மேலே போய் மேசையை வாங்கியே விட்டான். அண்ணி பெயர் போட்ட பலகைகூட வந்துவிட்டது.

"மூணாவது தடவை ஃபெயிலானதும் தேடிக்கிட்டு இருக்க முடியுமா?" என்றான். இதை அவன் அன்பாகத்தான் சொன்னான். அதுதான் அவனிடம் பொறுக்க முடியாத விஷயம்.

*

வியாழக்கிழமை காலை அண்ணன் ஹால் டிக்கெட்டை எங்களுக்குக் காட்டினான். கொடுக்கவில்லை, காட்டினான். பிறகு நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"என்கிட்டயே குடுங்களேன்," என்றாள் அண்ணி.

"நீ தொலைச்சிடுவ. ஒரு தடவைதான் பிரின்ட் எடுக்க விடுறான். நாளைக்குக் கேட்ல வெச்சுக் குடுக்கிறேன்."

"ரத்தம் எடுத்த ஒரு குப்பியைக்கூட நான் இதுவரைக்கும் தொலைச்சதில்லங்க."

"குப்பி வேற, பேப்பர் வேற."

ஹால் டிக்கெட்டோடு நான்கு பக்கத்துக்கு விதிமுறைகளும் வந்திருந்தன. அவற்றை ஒரு கையால் கசக்கி என் பக்கம் நீட்டினான்.

"எட்டாங்கிளாஸ், இந்தா. காய்த்தோலு போட்டுக்கோ."

நான் கடைசியாகப் பாஸ் செய்தது எட்டாவது. அதனால் அந்தப் பெயர். அம்மா 'ஊமை' என்பாள். அண்ணி மட்டும் 'குட்டி' என்பாள். மூன்றுக்கும் நான் திரும்பிப் பார்ப்பேன்.

அவன் ஸ்கூட்டர் தெருமுனை தாண்டியது. நான் தோலைக் காகிதத்தில் போடாமல், தோலுக்குப் பக்கத்தில் காகிதத்தைப் பிரித்து வைத்தேன். கையில் எது கிடைத்தாலும் படித்துவிடும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. மூன்றாம் பக்கத்தில் பதினாறாவது விதி இப்படி இருந்தது:

'தேர்வர்கள் கால்குலேட்டர் கொண்டுவர அனுமதி இல்லை. வாரியம் அங்கீகரித்த கால்குலேட்டர் தேர்வுத் திரையிலேயே இருக்கும். அதே கால்குலேட்டர் வாரியத்தின் பயிற்சிப் பக்கத்தில் வைக்கப்பட்டுள்ளது. தேர்வுக்கு முன்பே அதில் பழகிக்கொள்ளவும்.'

அண்ணி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வாங்கிக் கொடுத்த புது கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்தாள். நாற்பத்தெட்டு பட்டன். கண் தாளில், விரல் பட்டனில். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பியானோ வாசிக்கிறவள் மாதிரி.

"அண்ணி, இதை நாளைக்கு உள்ள விடமாட்டாங்களாமே."

"தெரியும் குட்டி. ரெண்டு தடவையும் வாசல்லயே வாங்கி வெச்சுட்டாங்க. உள்ள ஸ்க்ரீன்லதான் தட்டினேன்."

"அந்த ஸ்க்ரீன்ல வீட்ல பழகினீங்களா?"

"உங்க அண்ணன்கிட்ட கேட்டேன். பட்டன்னா பட்டன்தான், எதுல தட்டினா என்னன்னாரு."

இந்த வீட்டில் ஒரு விஷயம் அண்ணனிடம் கேட்கப்பட்டுவிட்டால் அதோடு அதற்குச் சமாதி கட்டியாயிற்று. அண்ணியும் இந்த இரண்டு வருடத்தில் அதற்குப் பழகிவிட்டாள். ஊசி குத்தும்போது எதிராளி எவ்வளவு கத்தினாலும் கை நடுங்காத பெண் அவள். புருஷன் முன்னால் மட்டும் அவளுக்கு எல்லாவற்றுக்கும் 'சரிங்க.' எனக்கு அவள் மேல் பிரியம் உண்டு. அந்தச் 'சரிங்க' மேல் கிடையாது.

"இப்ப பழகிப் பாக்கலாமா?" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

ஹாலில் அண்ணனின் கம்ப்யூட்டர் பூப்போட்ட உறை மூடி இருக்கும். உறையைத் துவைப்பது என் வேலை, திறப்பது அவன் வேலை. அதற்கு ஒரு பாஸ்வேர்டு வைத்திருக்கிறான். கப்பு வாங்கிய வருடம். யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று அவனுக்கு நம்பிக்கை. வீட்டுக்கு வருகிற அத்தனை பேரிடமும் அந்த வருடத்தைச் சொல்லுகிறவனும் அவனே.

முதல் தடவையிலேயே திறந்தது.

*

பயிற்சிப் பக்கத்தில் ஒரு பக்கம் கேள்வி, இன்னொரு பக்கம் கால்குலேட்டர். இருபது கேள்வி. அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்து, கேள்வியை விட்டுக் கண்ணை எடுக்காமல் கீபோர்டில் தட்ட ஆரம்பித்தாள். நான் பக்கத்து ஸ்டூலில் என் நோட்டோடு உட்கார்ந்தேன். அந்த நோட்டு வேறு எதற்காகவோ இருப்பது. கடைசிப் பக்கத்தை மட்டும் அன்றைக்குக் கணக்குக்குக் கொடுத்தேன்.

பதினேழு நிமிடத்தில் முடித்துவிட்டாள். இருபதில் பதிமூன்று சரி. ஏழு தப்பு. தேற வேண்டுமானால் பதினைந்து வேண்டும்.

அண்ணி நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். "பாத்தியா? இவ்வளவுதான் குட்டி நான். உங்க அண்ணன் சொல்றது சரிதான். மண்டையில ஏறலை."

"அந்த ஏழையும் கையால போடுங்க."

"எதுக்கு?"

"சும்மா."

ஏழையும் தாளில் போட்டாள். ஏழும் சரி.

அவளுக்குக் கணக்கு தெரிகிறது. தட்டும்போது மட்டும் மறந்துபோவதற்குக் கணக்கு என்ன குடையா?

தப்பான ஏழையும் நோட்டில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினேன். சரியானவற்றை இன்னொரு வரிசையில். தப்பான ஏழிலும் வகுத்தல் இருந்தது. ஆனால் சரியானவற்றில் நாலைந்திலும் வகுத்தல் இருந்தது. இன்னொரு முறை பார்த்தேன். சரியானவற்றில் வகுத்தல் கடைசியில் வந்தது. தப்பானவற்றில் வகுத்த பிறகு ஏதோ ஒன்றைக் கூட்டவோ பெருக்கவோ வேண்டியிருந்தது.

"அண்ணி, இந்த முதல் கணக்கை மறுபடி தட்டுங்க. மெதுவா. நான் ஸ்க்ரீனைப் பாக்கிறேன்."

"437.5 வகுத்தல் 12.5, கூட்டல் 18.2," என்று சொல்லிக்கொண்டே தட்டினாள்.

அவள் வகுத்தல் பட்டனை அழுத்தியதும் திரையில் ஒரு கோடு விழுந்தது. 437.5 கோட்டுக்கு மேலே ஏறி உட்கார்ந்தது. மினுக்கிக்கொண்டிருந்த குச்சி கோட்டுக்குக் கீழே இறங்கியது. 12.5 கீழே விழுந்தது. கூட்டல் குறியும் கீழே விழுந்தது. 18.2-வும் அதே குழியில் போய் விழுந்தது.

கையால் போட்டால் 53.2. திரை சொன்னது பதினாலு சொச்சம். கேள்விக்குக் கீழே இருந்த நான்கு விடைகளில் அந்தப் பதினாலு சொச்சமும் ஒன்றாக, நல்ல பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது.

"நீங்க கூட்டினது கீழ போயிடுச்சு அண்ணி. அண்ணன் வாங்கிக் குடுத்ததுல எல்லாம் ஒரே வரியில போகும், இது பின்னமா எழுதிக்குது. வெளிய வரணும்னா இந்த அம்பை அழுத்தணும்." கீபோர்டில் வலப்பக்கம் பார்க்கும் அம்பு போட்ட பட்டன் ஒன்று இருந்தது. அழுத்திக் காட்டினேன். குச்சி கோட்டை விட்டு வெளியே வந்து நின்றது. அதற்குப் பிறகு 18.2-ஐக் கூட்டினால் 53.2 வந்தது.

அண்ணி அடுத்த கணக்கைத் தட்டினாள். அம்பில்லாமல் ஒரு தடவை, அம்போடு ஒரு தடவை. பிறகு அடுத்தது. ஏழும் முடியும் வரை.

"யாரு பாத்தாலும் தெரியும்ல இது?" என்றாள் கடைசியில்.

"தெரியும்."

"ஸ்க்ரீனைப் பாத்திருந்தா."

"ஆமா."

அவள் சிரித்தாள். நான் அதுவரை கேட்காத சிரிப்பு. சந்தோஷச் சிரிப்பு இல்லை. குப்பை லாரி பின்னால் வரும்போது மூக்கை மூடிக்கொள்வோமே, அந்த முகத்தோடு சிரித்தாள்.

"நாலு மார்க்கு. மூணு மார்க்கு," என்றாள். "போன தடவை ரிசல்ட் வந்தப்ப உங்க அண்ணன் என்ன சொன்னாரு, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. சாப்பிட்டுக்கொண்டே, அவளைப் பார்க்காமல், 'சில பேருக்குக் கடவுள் விரலைக் குடுத்துட்டு மூளையை மறந்துடுறாரு' என்றான். அம்மா அதற்குச் சிரித்தாள். நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஊற்றிக்கொண்டேதான் இருந்தேன். என்னைப் பற்றியும் உயர்வாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

*

தெரிந்துகொள்வது ஒன்று, விரலுக்குச் சொல்வது இன்னொன்று. இரண்டு வருடம் தலையில் ஸ்கேல் அடி விழ விழப் பழகிய விரல் அது. வகுத்தலை அழுத்தியதும் கண் தானாகக் கேள்விக்கு ஓடியது. அம்பு மறந்தது.

"அம்பு," என்பேன்.

"ஐயோ, ஆமா."

ஐந்தாவது கணக்கில் மறுபடியும் "அம்பு." எட்டாவதில் மறுபடியும். பத்துக்கு மேல் நான் சொல்வதை நிறுத்திவிட்டு, அவள் மறக்கும்போதெல்லாம் ஸ்டூலை ஒரு தட்டு தட்டினேன். பதினைந்தில் அவளே தன் தொடையில் தட்டிக்கொண்டாள்.

அம்மா மதியத் தூக்கம் முடிந்து வந்தபோது நாங்கள் மூன்றாவது இருபதில் இருந்தோம்.

"என்ன, ரெண்டும் படம் பாக்குதுங்களா?"

"பிராக்டிஸ் அத்தை."

"அவன் வாங்கிக் குடுத்தது மேசையில கிடக்கு, இங்க என்ன பிராக்டிஸ்? அவன் பொட்டியை யாரு திறந்தது?"

நான் திரையைப் பார்த்தேன்.

"ஓகோ. ஊமை சொல்லிக் குடுக்குதா? நல்ல ஜோடி. ஒண்ணு பள்ளிக்கூடம் போகாது, இன்னொண்ணு போயும் தேறாது." அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தாள். "ஏம்மா, தெரியாமத்தான் கேக்கிறேன். அந்த ரூமுக்குள்ள போயி என்ன பண்ணப் போற? இப்ப ரத்தம் எடுக்கிற, அப்புறம் ரத்தத்தைப் பாப்ப. பாத்தா என்ன, பாக்காட்டி என்ன? மேசை போட்டு ஃபேன் போட்டு உக்கார வெக்கிறேங்கிறான். கசக்குதா?"

"கசக்குது அத்தை," என்றாள் அண்ணி.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேதான் சொன்னாள். மிக மரியாதையாகச் சொன்னாள். அம்மாவுக்கு அது காதில் விழுந்து உள்ளே போக நேரம் பிடித்தது. போனதும் எழுந்து போனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கிருந்து அண்ணனோடு அவள் கிசுகிசுத்தது ஹால் முழுக்கக் கேட்டது.

மூன்றாவது இருபதில் பதினெட்டு சரி. நாலாவதில் பத்தொன்பது. ஒரே ஒரு இடத்தில் அம்பு விட்டுப்போனது.

*

ஐந்தரைக்கு அண்ணன் வந்தான். தனியாக வரவில்லை. பின்னால் தபால்காரம்மா நின்றிருந்தார். எங்கள் தெருவுக்குத் தபால் கொண்டுவருகிறவர். தோளில் காலிப் பை, செருப்பெல்லாம் புழுதி. அவர் மகள் இதே தேர்வை அண்ணன் சென்டரில் படித்து எழுதி, ஐந்து மார்க்கில் போயிருந்தாள். மறுபடி சேர்ப்பதா வேண்டாமா என்று கேட்கத்தான் சென்டருக்குப் போயிருக்கிறார். அண்ணன் அவரைக் கையோடு வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டான்.

"வாங்க வாங்க. என் மனைவியே நாளைக்கு எழுதுறா. நீங்களே பாருங்க, என் முறை எப்படின்னு." உள்ளே வந்தவன் கம்ப்யூட்டர் ஓடுவதைப் பார்த்தான். முகம் மாறவில்லை. விருந்தாளி இருந்தால் அவன் முகம் மாறாது. "அம்மா சொன்னாங்க. பொம்மைக் கால்குலேட்டர் வெச்சு விளையாடுறீங்களாம்?"

"நாளைக்குத் தேர்வுல இதுதாங்க."

"தெரியும்மா. பட்டன்னா பட்டன்தான்." தபால்காரம்மா பக்கம் திரும்பினான். "பாருங்க மேடம், பசங்களுக்கு இதான் வியாதி. கடைசி நாள்ல போயி கண்டதையும் திறப்பாங்க. குழம்புவாங்க. அப்புறம் சார் சொல்லிக் குடுக்கலைம்பாங்க. இவளுக்கு குரு யாரு தெரியுமா? அதோ, எட்டாங்கிளாஸ்."

தபால்காரம்மா என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அவருக்கு என்னைத் தெரியும். கதவைத் திறந்து கையெழுத்துப் போட்டுத் தபால் வாங்குவது நான்தான்.

"ஒரு கணக்கு தட்டிக் காட்டுங்க," என்றாள் அண்ணி.

"யாரு, நானா?"

"நீங்கதான். மேடம் பாக்கட்டும்."

அவள் எழுந்து நாற்காலியைக் கொடுத்தாள். அண்ணன் அதில் உட்கார்ந்தான். கைகளைத் தேய்த்துக்கொண்டான். அப்புறம் அவன் எப்போதும் செய்கிற அந்தக் காரியத்தைச் செய்தான். முகத்தை முழுசாகத் திருப்பித் தபால்காரம்மாவைப் பார்த்தான். திரைக்கு முதுகைக் காட்டாத குறை.

"சொல்லு."

"பதினெட்டு வகுத்தல் மூணு, கூட்டல் மூணு."

"இதுக்குக் கால்குலேட்டரா?" சிரித்தான். "மேடம், இந்த லெவல்லதான் இருக்கா. சரி, பாருங்க. கண்ணு எங்க இருக்கு? உங்களைப் பாக்குது. விரல் எங்க இருக்கு?" விரல்கள் ஓடின. "ஒன்பது. பாத்தீங்களா, திரும்பக்கூட இல்லை."

தபால்காரம்மா அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். தபால்காரர்கள் எழுதியிருப்பதைத்தான் படிப்பார்கள். சொல்லுவதைக் கேட்டு எந்த வீட்டுக் கதவையும் தட்டமாட்டார்கள்.

"மூணுன்னு போட்டிருக்கே, சார்."

அண்ணன் திரும்பினான். மூன்றுதான் இருந்தது. பெரிதாக, கறுப்பாக.

அழித்துவிட்டு மறுபடி தட்டினான். இந்த முறையும் பழக்க தோஷம், கண் திரையை விட்டுத் தபால்காரம்மா பக்கம் போய்விட்டது. மூன்று.

மூன்றாவது தடவை ஒவ்வொரு பட்டனாகக் குத்தினான். மூன்று.

"மெஷின் தப்பு," என்றான்.

அடுப்படி வாசலில் நின்ற அம்மா, "அதானே," என்றாள்.

"நாளைக்கு எனக்கும் இதே மெஷின்தாங்க," என்றாள் அண்ணி. "போன தடவையும் இதேதான். அதுக்கு முந்தின தடவையும்."

அண்ணன் கீபோர்டை இழுத்தான், மௌஸை அசைத்தான், திரையின் பின்னால் இருக்கும் ஒயரைக்கூடத் தொட்டுப் பார்த்தான். அந்தக் கோட்டுக்குக் கீழே மூன்றும் கூட்டலும் மூன்றும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை மட்டும் பார்க்கவில்லை. அவனுக்குப் பார்க்கத் தெரியவில்லை. பத்து வருடமாகப் பார்க்காதே என்று மற்றவர்களுக்குச் சொல்லிச் சொல்லி, அவன் கண்ணே அதைக் கற்றுக்கொண்டுவிட்டது. பாவம் என்று தோன்ற வேண்டிய இடம் அது. எனக்குத் தோன்றவில்லை. நாற்பது பேர் சிரித்த சத்தம்தான் ஞாபகம் வந்தது. அழிக்காமல் விட்ட அந்த விடையும்.

"அம்பை அழுத்தணும், அண்ணா," என்றேன். "மூணு போட்டதும் அம்பு. இல்லேன்னா மிச்சம் எல்லாம் கீழயே போகும்."

அம்மா என்னை, நாற்காலி பேசியது போலப் பார்த்தாள்.

அண்ணன் மெதுவாகத் திரும்பினான். நான்கு வருடத்துக்கு முந்தைய அதே முகம், அதே தாழ்ந்த குரல்.

"உன்னை யாரு கேட்டா?"

"நான் கேட்டேன்," என்றாள் அண்ணி.

அவள் அவனுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றாள். ரத்தம் எடுக்கப் போகும் வீடுகளில் எப்படி நிற்பாளோ அப்படி. "காலையில இருந்து அவகிட்டதான் கேட்டுக்கிட்டு இருக்கேன். கடைசி நாப்பது கணக்குல முப்பத்தேழு சரியா வந்திருக்கு. நீங்க தள்ளுங்க, நான் காட்டுறேன்."

அவன் நகரவில்லை. அவளே குனிந்து அவன் கைக்கு மேலாகக் கையை நீட்டிப் பழைய கணக்கை அழித்தாள். பதினெட்டு. வகுத்தல். மூன்று. அம்பு. கூட்டல். மூன்று. ஒவ்வொரு பட்டனுக்கும் திரையைப் பார்த்தாள். குழந்தை நடக்கும் வேகத்தில் தட்டினாள்.

ஒன்பது.

தபால்காரம்மா பையைத் தோளில் சரிசெய்துகொண்டு, திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. முகவரி சரிதானா என்று கேட்பதுபோலத்தான் கேட்டார்.

"சார், போன தடவை என் பொண்ணும் நீங்க தட்டின மாதிரிதான் தட்டினாளா?"

அண்ணன் எழுந்தான்.

அலமாரியில் இருந்த கப்பைப் பார்த்தான். தபால்காரம்மாவைச் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினான். இடது வலது மாறிப்போய், மறுபடி கழற்றி மாட்டினான். அம்மா, "டேய், காபியாவது..." என்றாள். அவன் திரும்பவில்லை.

அப்போதுதான் நான் அவன் சட்டையைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை. இடதுபக்கப் பையில், நாலாக மடித்த காகிதத்தின் நீல எழுத்து துணி வழியாகத் தெரிந்தது. அண்ணியும் அதே நேரத்தில் பார்த்தாள் போலிருக்கிறது. என் கையைப் பிடித்தாள்.

"ஏங்க," என்றாள். "ஹால் டிக்கெட்."

அண்ணன் கடைசிப் படியில் நின்றான். கை தானாக மேலே போய்ப் பையைத் தொட்டது. இருக்கிறதா என்று பார்ப்பதுபோல ஒரு தட்டு தட்டியது. விரல் அங்கேயே கொஞ்சம் நின்றது.

பிறகு ஸ்கூட்டரைத் திருப்பி, எங்கள் யாரையும் பார்க்காமல் தெருமுனையைத் தாண்டிப் போய்விட்டான்.